நாலா வார்டு

எங்கள் வார்டை இல்லாமல் ஆக்கிய வாரத்தில் எங்கள் ஆட்கள் ஜிலேபி வாங்கித் தின்றார்கள். அதை நினைத்தால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது. கோபப்படாதே, பிரஷர் ஏறும் என்கிறார் என் கணவர். அந்த ஜிலேபியை வாங்கியவரே அவர்தான்.

ஒரு வார்டு போனதற்கா இத்தனை ஆத்திரம் என்று கடலுக்கு அப்பால் மெயின்லேண்டில் இருக்கும் என் சொந்தக்காரர்கள் கேட்பார்கள். அவர்களுக்கு எம்.எல்.ஏ. இருக்கிறார். திட்டுவதற்கு ஒரு முதலமைச்சர் இருக்கிறார். இங்கே சட்டசபை என்பதே கிடையாது. இத்தனை தீவுக்கும் சேர்த்து டெல்லிக்குப் போக ஒரே ஒரு எம்.பி. மற்றதெல்லாம் அதிகாரிகள். அவர்களும் வருவார்கள், இரண்டு மழைக்காலம் பார்ப்பார்கள், மாற்றல் வாங்கிக்கொண்டு போவார்கள். குழாயில் தண்ணீர் வரவில்லை என்று சட்டையைப் பிடித்துக் கேட்க எங்களுக்கென்று இருந்த ஒரே ஆள் வார்டு கவுன்சிலர். எங்களுக்குத் தொகுதியும் அதுதான், சட்டசபையும் அதுதான்.

பத்துபஸ்தியிலிருந்து கொஞ்சம் தள்ளி, மேடும் பள்ளமுமான சரிவில் எங்கள் வார்டு இருந்தது. நடுவில் ஒரு நாலா. தீவு இந்தியில் நாலா என்றால் ஓடை, சாக்கடை இரண்டும்தான். எங்களுடையது மழைக்காலத்தில் ஓடை, வெயிலில் சாக்கடை. இந்தப் பக்கம் ரோடு, ஆட்டோ, என் கணவரைப் போல அபர்டீன் பஜாரில் கடை வைத்திருக்கிறவர்கள், என்னைப் போல அரசாங்க ஆபீஸ் குமாஸ்தாக்கள். அந்தப் பக்கம் தூத்துக்குடிக் கடற்கரையிலிருந்து வந்த மீன்பிடிக் குடும்பங்கள், அவர்களுக்கு மேலே கொஞ்சம் தெலுங்கர்கள், ராஞ்சிக்காரர்கள். அந்தப் பக்கத்துக்கு ரோடு கிடையாது. மலைமேல் ஏறிச் சுற்றிப் போகும் படிக்கட்டு ஒன்று உண்டு. இல்லையென்றால் நாலாவின் மேல் இருந்த சின்னப் பாலம். அதை எல்லாரும் புலியா என்போம்.

வார்டுக்கு நம்பர் இல்லாமல் இல்லை. முதலில் ஆறு என்றார்கள். பிறகு பதினொன்று என்றார்கள். நம்பரை யார் ஞாபகம் வைத்துக்கொள்வது? நாலா எப்போதும் அங்கேயே கிடந்தது. வங்காளி, மலையாளி, தெலுங்கர் எல்லாரும் 'நாலா வார்டு' என்றே சொன்னார்கள். தமிழன் வாயில் விழுந்ததும் அது 'நாலாம் வார்டு' ஆகிவிட்டது. கல்யாணப் பத்திரிகையில் நாலாம் வார்டு, கடைப் பையில் நாலாம் வார்டு, மாதா கெபித் திருவிழா நோட்டீஸில் நாலாம் வார்டு. எங்கள் ஆட்களுக்கு இது புதிதல்ல. ஊரிலிருந்து முதல்முறை கப்பலில் வந்து இறங்கிய என் பெரியப்பா, பத்துபஸ்தி என்று கேட்டதும், பஸ்தி என்றால் குடியிருப்பு என்று மட்டும் தெரிந்துகொண்டு, "மத்த ஒம்பது பஸ்தியும் எங்க இருக்கு?" என்று விசாரித்தவர். அப்போது எல்லாரும் சிரித்தோம். சிரித்த நாங்கள்தான் நாலாவை நாலாக்கி வைத்திருந்தோம்.

நம்பர் எப்படிப் போனாலும் வார்டு ஒழுங்காக நடந்தது. எங்களுக்கு ஒரு பழக்கம் இருந்தது. ஓட்டுக் கேட்டு வருகிறவர் புலியாவின் நடுவில் நிற்க வேண்டும். இந்தக் கரையில் இருக்கிறவர்கள் இங்கிருந்து கேட்பார்கள், அந்தக் கரையில் இருக்கிறவர்கள் அங்கிருந்து கேட்பார்கள். ஜெயித்த பிறகும் அவ்வப்போது வந்து அதே இடத்தில் நின்று பதில் சொல்ல வேண்டும். நாற்காலி போட மாட்டோம். போட்டால் உட்கார்ந்துவிடுவார்கள். புலியாவைக் கட்டிய தெலுங்குக் காண்ட்ராக்டரும் நின்றார். தையல்கடை வைத்திருந்த வங்காளிப் பெண்மணியும் ஒரு கையில் குடையும் ஒரு கையில் புடவை மடிப்புமாக நின்றார். அவர் நல்லவர். நகராட்சிக் கூட்டத்தில் எழுந்து எங்கள் தண்ணீருக்காகக் கத்துவார், கத்திவிட்டு வந்து என்ன கத்தினேன் என்று எங்களுக்குச் சொல்லியும் காட்டுவார்.

கேள்வி கேட்பதில் முதல் ஆள் மீன்கார அக்கா. அந்தக் கரையில் முதல் வீடு அவளுடையது. கணவர் டிங்கியில் கடலுக்குப் போவார். அவள் அலுமினிய அன்னக்கூடையில் மீனை வைத்துத் தலையில் தூக்கி, புலியாவைத் தாண்டி எங்கள் பக்கம் வந்து, ஆட்டோ பிடித்து அபர்டீன் பஜாருக்குப் போவாள். அந்தப் பாலத்தால்தான் அவள் வீட்டு அடுப்பு எரிந்தது. ஒருமுறை, தண்ணீர் வரும் என்று மழுப்பிக்கொண்டிருந்த ஒரு கவுன்சிலரைப் பார்த்துக் கேட்டாள்:

"உம்ம பொஞ்சாதி எந்தக் கொழாயில தண்ணி புடிக்கா? அந்தக் கொழாய இங்கிட்டுத் திருப்பி விடும். நாங்க புடிச்சிட்டு மிச்சத்த அனுப்புதோம்."

இரண்டு கரையும் சிரித்தது. அந்த வாரமே தண்ணீர் லாரி வந்தது. எங்கள் வார்டு வாய் பெருத்த வார்டு என்று நகராட்சி ஆபீஸில் பேர் வாங்கியிருந்தோம். அதைப் பெருமையாக வேறு சொல்லிக்கொண்டு திரிந்தோம். வாய் பெருத்தவர்களை என்ன செய்ய வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

அப்போது எனக்குப் பாராடாங்குக்கு மாற்றல். போலீஸ் காவலோடு வண்டிகளைச் சேர்த்து விடும் கான்வாய்க்குக் காத்திருந்து, காட்டைத் தாண்டி, வண்டியோடு ஃபெரியில் ஏறி இறங்கிப் போக வேண்டிய இடம். நினைத்தபோது வீட்டுக்கு வர முடியாது. போனில் சிக்னல் கிடைப்பதே லாட்டரி. வார்டுகளையெல்லாம் கலைத்துப் புது எல்லை போடப் போகிறார்கள் என்று அங்கே இருந்தபோது கேள்விப்பட்டேன். உடனே கணவரைக் கூப்பிட்டு, "ஆபீஸ்ல நோட்டீஸ் ஒட்டுவாங்க, கண்ணால போய்ப் பாருங்க. ஆட்சேபணை எழுதிக் குடுக்கணும்னா நாள் கணக்கு இருக்கு" என்று சொன்னேன். சொன்னேன் என்பதை இங்கே அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் அவர் இப்போது மறந்துவிட்டார்.

அவர் போனார். போகவில்லை என்று சொல்ல மாட்டேன். பஜார்க்கடை நண்பர்கள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போனார். கண்ணாடிக்குப் பின்னால் இங்கிலீஷிலும் இந்தியிலும் பக்கம் பக்கமாக ஒட்டியிருந்ததாம். தெருப்பேர், வீட்டு நம்பர், கிழக்கு, மேற்கு என்று தலை சுற்றும்படி எழுதியிருந்ததாம். இவர்கள் நேராக நாலாம் வார்டைத் தேடினார்கள். வார்டு எண் நாலு: மாற்றமில்லை.

எனக்குப் போன் வந்தது. "நம்ம வார்டு அப்படியே இருக்கு. ஒருத்தரும் கை வைக்கல. நிம்மதியா இரு." பின்னால் யாரோ சிரிக்கும் சத்தமும் கேட்டது. நானும் நிம்மதியாக இருந்தேன்.

அந்த வார்டு எண் நாலு ஊரின் இன்னொரு மூலையில் இருக்கிறது. அங்கே எங்களுக்கு ஒரு சொந்தமும் இல்லை, ஒரு கடன்காரன்கூட இல்லை.

மற்ற பாஷைக்காரர்களாவது பார்த்திருக்கலாம். வங்காளி தாதாவின் மிட்டாய்க் கடையில்தான் ஜிலேபி வாங்கியிருக்கிறார்கள். என்ன விசேஷம் என்று அவர் கேட்டிருக்கிறார். "வார்டு பச் கயா, தாதா" என்றிருக்கிறார் என் கணவர். வார்டு பிழைத்துவிட்டது. தாதாவும் சந்தோஷப்பட்டுக் கூடவே நாலு ஜிலேபி போட்டுக் கொடுத்திருக்கிறார். அவர் வாயிலிருந்து அது இரண்டு கரையிலும் பரவியிருக்கிறது. படித்த மனுஷன், பஜாரில் கடை வைத்திருக்கிறவர், நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்து இனிப்பும் கொடுக்கிறார். அதற்கு மேல் யார் போய்ப் பார்ப்பார்கள்?

நான் லீவில் வீட்டுக்கு வந்த அன்று வாசலில் இரண்டு பையன்கள் கதவில் தகடு அடித்துக்கொண்டிருந்தார்கள். புது வார்டு நம்பர் போட்ட தகடு. எங்கள் கதவில் ஒரு நம்பர் அடித்தார்கள். பையைக் கீழே வைக்காமல் அப்படியே புலியாவைத் தாண்டிப் போய்ப் பார்த்தேன். அக்காவின் கதவில் வேறு நம்பர். அவள் தகட்டைத் தடவிப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"தங்கச்சி, இது என்னத்துக்கு? கரண்டு பில்லுக்கா?" என்று கேட்டாள்.

மறுநாள் ஆபீஸுக்குப் போனோம். நான், கணவர், தாதா, அக்கா. உள்ளே ஒரு அதிகாரி. மெயின்லேண்டிலிருந்து வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. மரியாதையாகத்தான் பேசினார். மேப்பை விரித்து, பேனாவால் நாலாவைத் தொட்டுக் காட்டினார். "நேச்சுரல் பவுண்டரி, மேடம்." நாலாவின் நடுக்கோடு இனி இரண்டு வார்டுகளின் எல்லை. இந்தக் கரை ஒரு பக்கத்து வார்டோடு, அந்தக் கரை இன்னொரு வார்டோடு. இயற்கையே போட்ட எல்லையாம். நாங்கள் அத்தனை வருஷமாக அதன் இரண்டு பக்கமும் நின்று ஒரே ஆளைத் திட்டிக்கொண்டிருந்தோம் என்பது இயற்கைக்குத் தெரியவில்லை போலும்.

"உங்கள் ஏரியாவிலிருந்து ஒரு ஆட்சேபணைகூட வரவில்லையே?" என்றார். உண்மையிலேயே அவருக்கு ஆச்சரியம்.

என் கணவர் தடுமாறி, நாலாம் வார்டு, மாற்றமில்லை, நோட்டீஸ் என்று இந்தியில் விளக்கினார். அப்போதுதான் ஓரத்து மேஜையில் இருந்த கிளார்க் சிரித்தான். அவன் எங்களுக்குத் தெரிந்தவன். எங்கள் தெருவில் வாடகைக்கு இருந்தவன். என் மகள் கல்யாணத்தில் இரண்டாம் பந்தியில் உட்கார்ந்து பாயசம் கேட்டு வாங்கிக் குடித்தவன். அதிகாரியைப் பார்த்து, "தமிழ் லோக் கா நாலா மத்லப் சார்!" என்றான். தமிழர்களுக்கு நாலா என்றால் நாலு. இந்தியில் நாலு என்பது சார், அதிகாரியைக் கூப்பிடும் சாரும் கிட்டத்தட்ட அதே சத்தம்தான். அது தனக்கே ரொம்பப் பிடித்துப்போய் இன்னொரு முறை சொல்லிச் சிரித்தான்.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?" என்று கேட்டேன்.

"சப் கோ மாலூம் தா, ஆன்ட்டி." எல்லாருக்கும் தெரியுமாம். ஜிலேபி விஷயமும் தெரியுமாம். ஆபீஸில் பேசிச் சிரித்தார்களாம்.

அந்த நிமிஷம் நான் என்ன கத்தினேன் என்று முழுசாக ஞாபகமில்லை. தமிழில் ஆரம்பித்து இந்தியில் முடித்தேன் என்று தாதா பிறகு சொன்னார். ஆட்சேபணைக்கு நாள் இருக்கும்போதே தெரிந்திருக்கிறது. ஒரு போன் போட்டிருக்கலாம். பஜாரில் என் கணவரைப் பார்க்கும்போது, 'அண்ணே, அது உங்க வார்டு இல்ல' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தப்பு எங்களுடையதுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒருத்தன் கண் தெரியாமல் குழியை நோக்கி நடக்கிறபோது பக்கத்தில் நின்று சிரிப்பதற்குப் பெயர் வேறு. நான் கத்தி முடித்ததும் அதிகாரி தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். நாள் முடிந்துவிட்டது, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று வருத்தத்தோடு சொன்னார்.

வெளியே வந்ததும் அக்கா என் கணவரைப் பார்த்தாள். அவர் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். "விடுங்க அண்ணாச்சி. எனக்கும் நாலான்னா நாலுதான்" என்றாள் அவள். நான் அவளைப்போல விடவில்லை. ஒரு மாதம் அவரோடு சரியாகப் பேசவில்லை.

அதற்குப் பிறகு எங்களுக்கு இரண்டு கவுன்சிலர்கள் கிடைத்தார்கள். இரண்டு பேருக்குமே நாங்கள் வார்டின் கடைசி ஓரம். இந்தப் பக்கத்து வார்டில் நாங்கள் சொற்பம், அந்தப் பக்கத்து வார்டில் அவர்கள் சொற்பம். சேர்ந்திருந்தபோது ஒருவரை ஜெயிக்கவைத்த ஓட்டு, பிரிந்தபின் ஒருவரையும் பயமுறுத்தவில்லை. புலியா கூட்டத்துக்கு வாருங்கள் என்று இருவரையும் கூப்பிட்டோம். பாதிப் பாலத்துக்கு மேல் என் எல்லை இல்லையே என்று ஒருவர் சொல்லியனுப்பினார். இன்னொருவர் சொல்லியும் அனுப்பவில்லை.

அடுத்த பெருமழையில் புலியா உடைந்தது. நடுத்தூண் நின்றது. இரண்டு பக்கமும் பலகைபோல் கிடந்த கான்கிரீட் பிளந்து கம்பி தெரிந்தது. மனு கொடுத்தோம், அலைந்தோம், எங்கள் பக்கத்துக் கவுன்சிலர் கடைசியில் வேலை ஆரம்பித்தார். நல்ல சிமெண்ட், நல்ல கம்பி, பச்சைப் பெயின்ட் அடித்த கைப்பிடி. நடுத்தூண் வரை போட்டார். அங்கே நிறுத்திவிட்டார். அதற்கு மேல் செலவு செய்தால் ஆடிட்டில் மாட்டிக்கொள்வேன் என்றார். பாதிப் பாலத்தைத் திறந்துவைத்து, ரிப்பன் வெட்டி, போட்டோவும் எடுத்துக்கொண்டார். பாதிப் பாலத்துக்கு ரிப்பன் வெட்டியதை என் கண்ணால் பார்த்தேன். அந்தக் கரையிலிருந்து சிறுசுகள் கைதட்டின.

அடுத்த பாதிக்கு அந்தப் பக்கத்துக் கவுன்சிலர் நாளை, மறுநாள் என்றார். உடைந்த பாதியின் மேல் என் கணவர் கடையிலிருந்து பலகைகளைக் கொண்டுவந்து போட்டார். ஒவ்வொரு மழையிலும் அது நாலாவோடு போகும். ஒவ்வொரு முறையும் முழங்கால் வரை தண்ணீரில் இறங்கி மறுபடி போடுவார். நான் போடச் சொல்லவில்லை, ஏன் போடுகிறேன் என்று அவரும் சொல்லவில்லை. அந்த மாதிரி ஒரு நாளில்தான் நானே அவருக்குக் குடை பிடித்துக்கொண்டு நின்றேன்.

பலகைக்கும் புதுக் கான்கிரீட்டுக்கும் நடுவில் ஒரு ஜாண் உயர வித்தியாசம் இருந்தது. அக்கா தினமும் தலையில் மீனோடு அந்த ஜாணை ஏறினாள். வயதும் ஆகிக்கொண்டிருந்தது. தூறல் விழுந்துகொண்டிருந்த ஒரு காலையில் ஏறும்போது பலகை வழுக்கியது. அன்னக்கூடை ஒரு பக்கம் போனது, அவள் ஒரு பக்கம் போனாள். நாலாவில் சூரை மீன்கள் மிதக்க, நடுவில் அவள் கிடந்தாள். இடுப்பெலும்பு முறிந்திருந்தது.

ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். கட்டிலில் படுத்தபடியே, "பாத்தியா தங்கச்சி, எந்த வார்டுலயும் சேத்துக்கிடலைன்னு அழுதியே, இங்க ஒரு வார்டுல சேத்துட்டாவ" என்றாள். நர்ஸ் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

உதவித்தொகை கேட்டு அலைந்தபோது இரண்டு வார்டிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். டேப் கொண்டுவந்தார்கள். தூணிலிருந்து அளந்தார்கள். பிறகு ஆஸ்பத்திரிக்கு வந்து, விழும்போது நீங்கள் எந்தப் பக்கம் இருந்தீர்கள் என்று அக்காவிடமே கேட்டார்கள்.

"ஒரு காலு பலவையில, ஒரு காலு சிமெண்டுல."

"எந்தக் கால் வழுக்கியது?"

"நான் நாலாவுலல்லா விழுந்தேன். நாலா வார்டுன்னு எழுதிக்கிடுங்க" என்றாள் அக்கா. அவர்கள் ஒன்றும் எழுதாமல் போனார்கள். ஒன்றும் வரவும் இல்லை.

இப்போது அவள் நடக்க ஒரு இரும்பு ஸ்டாண்டு வேண்டும். அந்த ஸ்டாண்டோடு பலகையில் நடக்க முடியாது. பஜாருக்குப் போய்ப் பல மாதம் ஆகிறது. மருமகள்தான், பலகையை நம்பாமல், கூடையைத் தூக்கிக்கொண்டு மலைப் படிக்கட்டில் ஏறி, ஊரைச் சுற்றிப் போகிறாள். அவள் போய்ச் சேருவதற்குள் நல்ல வாடிக்கை போய்விடுகிறது, மீனும் வாடிவிடுகிறது. அக்கா வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, நாலாவைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறாள். நான் இந்தக் கரையிலிருந்து சாப்பிட்டாச்சா என்று கத்துவேன். அவள் அங்கிருந்து கத்துவாள். வீடு எதிரே இருந்தும் நாங்கள் பேசுவது அப்படித்தான்.

போன வாரம் ஓட்டுக் கேட்டு ஒருவன் வந்தான். இள வயது, தமிழ்ப் பையன், வெள்ளைச் சட்டை, கூடப் பத்துப் பன்னிரண்டு பேர். என் கணவர் அவனிடம் எங்கள் பழக்கத்தைச் சொல்லி, புலியாவில் போய் நில்லுங்கள் என்றார். பையன் பச்சைக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு புதுக் கான்கிரீட்டின் கடைசி வரை நடந்தான். எதிரே அக்காவைப் பார்த்தான். பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பாக இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டான்.

அக்கா பதறிப்போய் ஸ்டாண்டைப் பிடித்து எழுந்தாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு ஒருவன் புலியாவில் நின்று அவளைப் பார்த்துக் கும்பிடுகிறான். ஸ்டாண்டை விட்டுவிட்டு, வாசல் தூணில் சாய்ந்துகொண்டு, அவளும் இரண்டு கையையும் கூப்பினாள்.

கூட வந்தவன் பையன் காதருகே, எங்களுக்கும் கேட்கும்படி, "உதர் அப்னா நஹி ஹை" என்றான். அந்தப் பக்கம் நம்முடையது இல்லை. பையன் கையை இறக்கினான். சிரிப்பும் இறங்கியது. திரும்பி எங்கள் பக்கம் நடந்தான்.

எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. "ஏய், நில்லு! நாலா வார்டுல ஓட்டுக் கேக்க வந்தா ரெண்டு கரைக்கும் பதில் சொல்லிட்டுத்தான் போகணும்" என்று கத்தினேன்.

அவன் நின்றான். மரியாதையான பையன், அதைச் சொல்லத்தான் வேண்டும். "அப்படி ஒரு வார்டே இல்லையே, ஆன்ட்டி" என்றான்.

அந்தக் கரையில் அக்கா கூப்பிய கையை இன்னும் இறக்கவில்லை.